பிடித்த முயலுக்கு மூன்றே கால்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் மலை கிடையாது. உயரமான இடம் ஏதாவது காட்டு என்றால் ரயில்வே மேம்பாலத்தைக் காட்டலாம். அதுவும் மழைக்காலத்தில்தான் காட்சி அமர்க்களமாக இருக்கும், சுற்றிலும் தண்ணீர். பெயரிலேயே குன்றை வைத்திருக்கிறார்களே என்று ஆசையாகச் செங்குன்றம் போனால், அங்கே எல்லோரும் பார்க்கப் போவது ஏரி.

ஆனாலும் முதுகில் பை, கழுத்தில் கேமரா என்று மலைக்குக் கிளம்புகிற ஆசாமிகள் இந்தப் பக்கத்தில் ஏராளம். காரணம், பூகோளம். நாம் சென்னைக்கு மேற்கே கிடக்கிறோம். மலைகள் இன்னும் மேற்கே கிடக்கின்றன. திருவான்மியூர்க்காரர் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, ஒவ்வொரு சிக்னலாகக் கும்பிட்டு, ஊரைத் தாண்டுவதற்குள் ஆவடிக்காரர் திருவள்ளூரில் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருப்பார். அரக்கோணம் தாண்டித் திருத்தணி போகிற லோக்கலில் ஜன்னலோரம் கிடைத்தால் போதும். நகரி மலை தானாக வந்து நிற்கும். மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அதன் சிகரத்தை அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் கடலிலிருந்தே அடையாளம் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஓசியில் கிடைக்கிற காட்சி. சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் அதைப் பார்க்காமல் சீட்டாடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

நான் சொல்ல வந்தது மலையைப் பற்றி அல்ல. மலைக்குக் கொண்டு போகிற முக்காலியைப் பற்றி. கடைக்காரர்கள் ட்ரைபாட் என்கிறார்கள். அப்படியே வைத்துக்கொள்வோம். முக்காலி என்றால் பாட்டி ஞாபகம் வருகிறது.

என் நண்பர் ஒருவர் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ஏறுகிறவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை ஒன்றில் குவாலிட்டி பார்க்கிறார். சீசன் டிக்கெட் நட்பு. பதினோரு வருஷமாகியும் இரண்டு பக்கமும் 'சார்' போகவில்லை. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் வெர்னியர் காலிபர் வைத்திருப்பார். வெங்காய பஜ்ஜியின் கனத்தை அதை வைத்து அளந்து டீக்கடைக்காரரோடு சண்டை போட்டதை நானே பார்த்திருக்கிறேன். செகண்ட் ஹாண்டில் ஒரு நல்ல கேமரா வாங்கிவிட்டார். போனஸ் வந்ததும் அதற்கு ஒரு ட்ரைபாட் வாங்குவது என்று முடிவு செய்தார். அவர் வீட்டில் இதற்கு வந்த முதல் எதிர்வினை:

"நம்ம கட்டிலுக்கு ஒரு வருஷமா ஒரு காலு ஆடுது. அதப் பாக்க ஆளில்ல. இவரு மூணு காலு வாங்கப் போறாராம்."

நியாயமான கேள்விதான். இன்னொரு நியாயமான கேள்வியும் உண்டு. இப்போதுதான் கேமராவுக்குள்ளேயே, ஏன் செல்போனுக்குள்ளேயே, கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் சமாசாரம் வந்துவிட்டதே, மூன்று கால் எதற்கு?

எதற்கு என்றால் வெளிச்சத்துக்கு. லென்ஸின் நீளம் 50 மி.மீ. என்றால் ஒரு நொடியில் 50-ல் ஒரு பங்கு நேரம் வரை கையில் பிடித்து எடுக்கலாம் என்பது போட்டோக்காரர்களின் பழைய கணக்கு. நடுக்கத்தைச் சரிக்கட்டும் வித்தை இருந்தால் அந்த நேரத்தைப் பத்து மடங்குக்கு மேல்கூட நீட்டலாம். நடுமத்தியானத்துக்கு அது தாராளம். ஆனால் மலையில் யாரும் நடுமத்தியானத்தில் நல்ல படம் எடுத்ததில்லை. நல்ல படமெல்லாம் சூரியன் வருவதற்கு முன் அரை மணி, போன பின் அரை மணி. அருவித் தண்ணீர் பட்டுத்துணி மாதிரி வழிய வேண்டுமானால் அரை நொடியாவது கேமரா அசையாமல் நிற்க வேண்டும். நட்சத்திரத்துக்குப் பதினைந்து, இருபது நொடி. அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க யோகியால் முடியலாம். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறவனால் முடியாது.

அடுத்தது, குகை.

நமக்கு மிக அருகில் இருக்கிற சரியான காட்டு நடை எது என்று கேட்டால் நான் குடியம் குகை என்பேன். ஆவடியிலிருந்து திருவள்ளூர் வரை எலெக்ட்ரிக் ரயில். அங்கிருந்து பூண்டி. கொசஸ்தலை ஆற்றை மறித்து 1944-ல் கட்டி முடித்த ஏரி, சத்தியமூர்த்தி சாகர். நீங்கள் காலையில் பல் தேய்த்தீர்களே, அந்தத் தண்ணீர் அநேகமாக இந்த வழியாக வந்ததுதான். அதையும் தாண்டிப் போனால் அல்லிக்குழி மலைத்தொடர். மலை என்றதும் ஊட்டி அளவுக்குக் கற்பனை செய்ய வேண்டாம். முள்ளுக்காடு போர்த்திய குன்றுகள். நடுவே பாறை குடைந்து, மாபெரும் கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. பாறையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் உருண்டைக் கூழாங்கற்களைப் பாகு காய்ச்சி ஒட்டின மாதிரி இருக்கும். கடலை மிட்டாய்தான். ராட்சசன் சாப்பிடுகிற சைஸ்.

1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியல் துறை அதிகாரி முதலில் பல்லாவரத்தில் ஒரு கற்கோடாரியைப் பொறுக்கினார். சில மாதங்களில் இந்தப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல. இந்தியாவில் ஆதி மனிதனின் கதை அங்கே ஆரம்பித்தது. குடியம் குகையை 1960-களில் தொல்லியல் துறை தோண்டிப் பார்த்தது. அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் பழையவை 15 லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று 2011-ல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். அங்கே கிடைத்த கருவிகளைப் பூண்டி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். நண்பர் ஒரு கற்கோடாரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பக்கமும் ஒரே அளவு சார். வெர்னியர் இல்லாம பண்ணியிருக்கான். எங்க ஷாப்ல டீத்தூள் அளவுக்கு சில்லு பேந்தாலே ரிஜெக்ட்." கையில் அடங்க வேண்டும், எடை இருக்க வேண்டும், உடையக் கூடாது என்று அந்த ஆளும் பத்துக் கல்லைத் தூக்கிப் பார்த்துத்தான் ஒன்றை எடுத்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது.

இந்த நடைக்கு இப்போது முறைப்படி வழி இருக்கிறது. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று ஆரம்பித்தபோது 14 மாவட்டங்களில் 40 தடங்களை அறிவித்தது. திருவள்ளூர் மாவட்டத்துக்குக் குடியம். கணினியில் பதிவு செய்துகொண்டால் உள்ளூர்க்காரர் ஒருவர் வழிகாட்டியாக வருவார். காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள். மூடியிருக்கும்போது 'நமக்குத் தெரிஞ்ச ரேஞ்சர் இருக்கார்' என்று கிளம்பாதீர்கள். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். அதில் பலர் நம்மைப் போல ஆபீஸ் போகிற, சனி ஞாயிறுக்கு மலை ஏறுகிற சின்ன வயசுக்காரர்கள்.

குகைக்குள் போனால் போட்டோக்காரனுக்கு விழி பிதுங்கும். உள்ளே இருட்டு, வெளியே சுள்ளென்று வெயில். பாறைக்கு அளவு வைத்தால் வெளியே காடு வெள்ளைத் தாள். காட்டுக்கு அளவு வைத்தால் பாறை கரித்துண்டு. இரண்டும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் கேமராவை அசைக்காமல் மூன்று தடவை, மூன்று அளவில் எடுத்து, வீட்டுக்கு வந்து சேர்க்க வேண்டும். அசைக்காமல். இதற்குத்தான் சார் மூன்று கால்.

சரி, கடைக்குப் போவோம்.

மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடை. பெயர் வேண்டாம். சேல்ஸ்மேனுக்கு வயது 22 இருக்கும். ட்ரைபாடை ஒரே உதறலில் விரித்தார். பரதநாட்டியம் தெரிந்தவர் மாதிரி இருந்தது.

"வெறும் எழுநூறு கிராம் சார். அஞ்சடி ஹைட் போகும். நாலு கிலோ தாங்கும் சார். ஆயிரத்து முன்னூறு, உங்களுக்காக ஆயிரத்து நூறு."

"ஆடுதே?"

"அது ஃப்ளோர் சார்."

நண்பர் தரையைப் பார்த்தார். கிரானைட். பிறகு பையிலிருந்து காலிபரை எடுத்தார். சேல்ஸ்மேன் ஒரு அடி பின்வாங்கினார். இன்கம்டாக்ஸ் ரெய்டு என்று நினைத்திருக்கலாம்.

நண்பர் அளந்தது கடைசிக் கணுவை. மற்றவர்கள் எல்லோரும் மேலே இருக்கிற தடித்த குழாயைத் தட்டிப் பார்த்து 'நல்லா இருக்கே' என்பார்கள். கால் மடங்கி உள்ளே போக வேண்டுமானால் ஒவ்வொரு கணுவும் மேலே இருப்பதைவிட மூன்று மி.மீ. சிறுத்தே ஆக வேண்டும். மேலே 22 மி.மீ. என்று ஆரம்பித்தால் 19, 16, 13, ஐந்தாவது கணுவில் 10. உங்கள் கேமரா நிற்பது அந்தப் பத்து மி.மீ. மேல்தான். ஏறக்குறைய பேனா. டீக்கடை பில்லின் பின்னால் எழுதிக் காட்டினார். தகட்டின் கனம் ஒன்றேயாக இருந்தால் குழாயின் விறைப்பு அதன் குறுக்களவின் மும்மடிக்கு ஏற்ற மாதிரி கூடும். 10 மி.மீ.யை 16 ஆக்கினால் விறைப்பு நாலு மடங்கு. ஆகவே ஐந்து கணு சின்னதாக மடங்கும், பைக்குள் ஓடிப்போய்ப் படுத்துக்கொள்ளும். நாலு கணு கொஞ்சம் நீளமாக இருக்கும், ஆனால் நிற்கும்.

நான் பி.காம். எனக்கு மும்மடி தெரியாது, பற்று வரவு தெரியும். எடையைக் குறைத்தால் விறைப்பு பற்று. இரண்டையும் வரவு வைக்க வேண்டுமானால் பணம் பற்று. எந்தக் கடைக்காரர் எப்படி எழுதினாலும் ஐந்தொகை இப்படித்தான் சரியாகும்.

'நாலு கிலோ தாங்கும்' என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். தாங்கும் என்றால் உடையாது என்கிறார்களா, ஆடாது என்கிறார்களா என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது. கம்பெனி தானே பரீட்சை வைத்து, தானே மார்க் போட்டுக்கொள்கிறது. உங்கள் கேமராவும் லென்ஸும் சேர்ந்து ஒன்றரை கிலோ என்றால், இரண்டு மூன்று மடங்கு எழுதியிருப்பதைப் பாருங்கள். அப்புறம் விரித்து நிறுத்தி, தலையில் கையை வைத்து லேசாகத் திருகுங்கள். கல்யாண வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி மாதிரி நெளிந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

இவ்வளவு கறார் எதற்கு, ஆயிரத்து நூறு ரூபாய் சாமான்தானே என்று கேட்பீர்கள். எங்கள் ஆபீஸ் கேஷியர் அப்படித்தான் நினைத்தார். இதே எழுநூறு கிராம் ஜாதி. ஒரு மழைக்காலம், ஒரு அருவியின் தலை. எந்த அருவி என்பதும் வேண்டாம். விளிம்பிலிருந்து நாலடி தள்ளி நிறுத்திவிட்டுத் திரும்பினார். நடுக்கம்பத்தை முழுசாக உயர்த்தியிருந்தார். ஒரு காற்று. ஒரு காலின் பூட்டு வழுக்கிக் கடைசிக் கணு உள்ளே போய்விட்டது. கேமரா கும்பிடு போடுகிற மாதிரி சாய்ந்து, விளிம்பைப் பார்க்கப் போனது. இவர் பாய்ந்தார். பாசிப் பாறை. கூட வந்த பையன் பெல்ட்டைப் பிடித்து இழுத்திராவிட்டால் நான் இதை நகைச்சுவையாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கேமரா போய்விட்டது. இன்னும் ஏழு தவணை பாக்கி இருந்தது. ஏழு மாசமும் ஐந்தாம் தேதி பாங்க்கிலிருந்து மெஸேஜ் வரும்போதெல்லாம் முழங்காலைத் தடவிக்கொள்வார். இரண்டு பெண் குழந்தைகள் அவருக்கு. அந்த ஒரு பாய்ச்சலைத்தான் அவர் மனைவி இன்றைக்கும் மன்னிக்கவில்லை. கேமராவை அல்ல.

மலையில் எது விழுந்தாலும் கையை நீட்டாதீர்கள். விழட்டும்.

அந்த நடுக்கம்பம் பற்றி இரண்டு வார்த்தை. மூன்று காலில் நிற்கிற சாமானின் நடுவில் ஒரு கம்பை உயர்த்தி அதன் உச்சியில் கேமராவை வைத்தால் அது மறுபடி ஒற்றைக் கால்தான். ஆகவே கம்பத்தை ஏற்றாமல் எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். 125, 130 செ.மீ. இருந்தால் போதும். மேலே தலையும் கேமராவும் சேர்ந்து இன்னும் பதினைந்து செ.மீ. ஏறும். நம் சராசரி உயரத்துக்குக் கொஞ்சம் குனிந்தால் ஆயிற்று. ஆபீஸில் குனியாத குனிவா?

பூட்டில் இரண்டு ஜாதி. பாட்டில் மூடி மாதிரி திருகுவது ஒன்று. கிளிப் மாதிரி மடக்குவது இன்னொன்று. திருகு, முள்ளில் மாட்டாது. குடியம் மாதிரி முள்ளுக்காட்டுக்கு அதுதான் சௌகரியம். ஆனால் ஓடையில் இறக்கினால் மணல் புகுந்து, வீட்டுக்கு வந்தபின் கழற்றித் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தடவை கரகரவென்று கரும்பு மெஷின் சத்தம் வரும். கிளிப் சீக்கிரம் திறக்கும், பூட்டியிருக்கிறதா இல்லையா என்று தூரத்திலிருந்தே தெரியும். நாளாவட்டத்தில் தளர்ந்தால் ஆலன் கீ போட்டு முறுக்கலாம். இருட்டில் எந்தக் கணுவைத் திறந்தோம் என்ற குழப்பம் திருகில் வரும். நண்பர் திருகு கட்சி. நான் கிளிப் கட்சி. ஆவடி வரை வாதாடினோம். இந்து காலேஜ் ஸ்டேஷனில் ஒரு பெரியவர் குறுக்கிட்டு, "எந்தக் கட்சியா இருந்தா என்ன தம்பி, நமக்கு என்ன செய்யப் போறாங்க" என்றார்.

காலைத் தலைகீழாக மடக்குகிற வகை மலைக்கு உத்தமம். கால்கள் தலையைச் சுற்றி மேல் நோக்கிக் கவிழ்ந்துகொள்ளும். மடித்தால் 40 செ.மீ. சுற்றளவில் தண்ணீர் பாட்டில். பையின் பக்கவாட்டில் நின்றுகொள்ளும். ஐம்பதைத் தாண்டினால் மின்சார ரயிலில் பக்கத்து ஆசாமியின் விலாவில் குத்தி, அவர் நம் குலத்தை விசாரிப்பார்.

கார்பனா, அலுமினியமா? கிட்ஸோ என்ற பிரெஞ்சுக் கம்பெனி 1994-ல் கார்பன் ஃபைபர் கால்களைக் கொண்டுவந்ததிலிருந்து இந்த ஆசை உலகம் முழுக்கப் பிடித்தது. கார்பன் இலேசு, அதிர்வு சீக்கிரம் அடங்கும், வெயிலில் கையைச் சுடாது. அலுமினியம் அடிபட்டால் நசுங்கும். கார்பன் அடிபட்டால் விரிசல் விடும். வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். பீக் டிசைன் என்ற அமெரிக்கக் கம்பெனி 2019-ல் பயண ட்ரைபாட் ஒன்றை இரண்டு வகையாகவும் வெளியிட்டது. அலுமினியம் 1.56 கிலோ, சுமார் 350 டாலர். கார்பன் 1.27 கிலோ, சுமார் 600 டாலர். 290 கிராம் குறைக்க 250 டாலர்! கிராமுக்கு முக்கால் டாலருக்கு மேல். அதே 290 கிராமை என் வயிற்றில் குறைத்தால் செலவில்லை. என் மனைவி இதைப் பல வருஷமாகச் சொல்லிவருகிறாள்.

ஆனால் எடையைக் கேலி செய்துவிட்டுப் போக முடியாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நம் ஊர் வெயிலில் அரை நாள் காட்டு நடைக்கு ஆளுக்கு மூன்று லிட்டராவது வேண்டும். ஒன்றரை கிலோ ட்ரைபாட் என்பது ஒன்றரை லிட்டர் தண்ணீரின் கனம். தோள் வலிக்கிறது என்றதும் ஜனங்கள் எதைக் குறைக்கிறார்கள்? ஐம்பதாயிரம் ரூபாய் சாமானையா குறைப்பார்கள்? இருபது ரூபாய் தண்ணீர் பாட்டிலைத்தான். மத்தியானம் பதினொரு மணிக்கு மேல் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்போது கார்பன் ஃபைபரை நக்க முடியாது. என் கணக்கு இது: முதலில் தண்ணீர், சோறு, டார்ச் எல்லாவற்றையும் பையில் போட்டுத் தூக்குங்கள். மொட்டைமாடி வரை இரண்டு தடவை ஏறி இறங்குங்கள். அதற்கு மேல் உடம்பு எவ்வளவு தாங்குமோ அதுதான் உங்கள் ட்ரைபாடின் எடை. பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை கிலோவுக்குள் வந்து நிற்கும்.

எடைக்குச் சரித்திரத்தில் மரியாதை உண்டு. நம்ம சென்னையில், பரங்கிமலைப் பக்கம், 1802-ல் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி இந்தியாவையே அளக்க ஆரம்பித்தார். அவருடைய தியோடலைட் கருவி அரை டன். அதை மலைக்கு மலை மனிதர்கள் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். 1808-ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் உச்சிக்கு ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி, அதன் வட்டம் கோணிப்போயிற்று. மனுஷர் ஓடிப்போய்விடவில்லை. கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தட்டித் தட்டிச் சரிசெய்தார். ஆவடியில் செய்கிற அர்ஜுன் டாங்கி 58 டன்னுக்கு மேல். எடை இருந்தால் குறி தப்பாது என்பதில் எந்த ராணுவத்துக்கும் சந்தேகமில்லை. தூக்குகிறவனைத்தான் யாரும் கேட்பதில்லை.

தூக்காமலே எடையைச் சேர்க்க ஒரு வழி இருக்கிறது. நடுக்கம்பத்தின் அடியில் கொக்கி இருந்தால் அதில் முதுகுப்பையை மாட்டுங்கள். பை தரையை லேசாகத் தொட வேண்டும். அந்தரத்தில் ஊஞ்சலாடினால் ட்ரைபாடும் சேர்ந்து ஆடும். சரிவில் நிறுத்தும்போது இரண்டு கால் பள்ளத்துப் பக்கம், ஒரு கால் மேட்டுப் பக்கம். இது நிலம் அளக்கிற சர்வேயர்கள் வழக்கம். படம் எடுக்கும்போது பட்டனை அமுக்கினால் அந்த அமுக்கலே ஆட்டிவிடும். இரண்டு நொடி டைமர் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். கேமராவின் உள்நடுக்க வித்தையையும் அணைத்துவிடுங்கள். பழைய லென்ஸ்கள் சில, இல்லாத நடுக்கத்தைத் தேடித் தாங்களே நடுங்கும். நம்மில் சிலர் ஆடிட் சமயத்தில் செய்வது மாதிரி.

செல்போன் மட்டும் போதும் என்கிறவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. 2006-ல் வந்த கொரில்லாபாட் மாதிரி, மரக்கிளையைக் குரங்கு மாதிரி கட்டிப்பிடிக்கிற சின்னது போதும். கைத்தடியின் குமிழைக் கழற்றினால் கேமரா மாட்டும் திருகு இருக்கிற வகையும் உண்டு. இறங்கும்போது முழங்காலுக்கு ஆச்சு. குரங்கு என்றதும் ஒன்று. சோளிங்கர் மலையின் 1305 படிகளிலும் எந்த ட்ரைபாடும் உதவாது. அங்கே கேமராவைக் காப்பாற்ற மனோபலம்தான் வேண்டும். தவிரவும் கோயிலுக்குள் செல்போனே கூடாது என்று 2022-ல் ஹைகோர்ட் உத்தரவு. தொல்லியல் துறை பாதுகாக்கிற சின்னங்களில் ட்ரைபாட் வைக்கத் தனி அனுமதி கேட்பார்கள். காட்டிலும் பதிவு செய்யும்போதே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கடைசியில் நண்பர் வாங்கியது அலுமினியம். நாலு கணு, திருகுப் பூட்டு, கால் கவிழ்ந்து மடங்கும், உருண்டைத் தலை. பட்டறைத் தராசில் 1 கிலோ 410 கிராம். பெட்டியில் 1.3 என்று போட்டிருந்தது. தலையைச் சேர்க்காத எடையாம். கல்யாண மாப்பிள்ளைக்கு எடை பார்க்கிறார்களா, தலையை எடுத்துவிட்டு நிறுக்க? விலை எட்டாயிரத்துச் சொச்சம். கட்டில் விவகாரத்தில் வீட்டில் அன்று இரவு நடந்ததை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குடியத்துக்கு ஒரு ஜனவரியில் போனோம். வழிகாட்டியாக வந்த பையன் முன்னால் நடந்தபடி, செருப்புப் போட்ட காலாலேயே முள்ளை ஒதுக்கிக்கொண்டு போனான். "அண்ணா, குகைக்குள்ள சத்தம் வேணாம். மேல தேனீ இருக்கும்." நண்பர் அன்று பேசிய பேச்செல்லாம் சைகைதான். பாறைத் தரை. அடியில் இருந்த ரப்பர் பாதம் நன்றாகப் பிடித்தது. காலை அகல விரித்து, கம்பத்தை ஏற்றாமல், கேமராவை முழங்கால் உயரத்தில் வைத்தார். அவர் பாட்டுக்கு மண்டியிட்டுக் குனிந்திருக்க, அங்கே இருக்கிற அம்மனைக் கும்பிட வந்த ஒரு பாட்டி, இவரும் கும்பிடுகிறார் என்று நினைத்து நெற்றியில் விபூதி இட்டுவிட்டுப் போனாள். மூன்று அளவில் மூன்று படம். கடைசிப் படத்துக்கு இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியும் வழிகாட்டிப் பையன் மூச்சு விடவில்லை. படத்தில் பாறைக் கூரையின் ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிகிறது. வெளியே காடும் பச்சையாக இருக்கிறது. ஓரத்தில் பாட்டியின் புடவைத் தலைப்பு, அவள் நகர்ந்துவிட்டதால், சிவப்புப் புகை மாதிரி. அந்தப் படத்தைப் பெரிசாகப் போட்டுப் பட்டறை ஆபீஸில் மாட்டியிருக்கிறார். ஒரு பிரதி வழிகாட்டிப் பையனுக்கும் போயிருக்கிறது.

இறங்கும்போது மண் பாதையில் ரப்பர் பாதம் வழுக்குகிறது என்று ஒரு குறை கண்டுபிடித்தார். மண்ணுக்குக் கூர் முனை வேண்டும். கடையில் மூன்று முனைக்குக் கேட்ட விலை அவருக்குப் பிடிக்கவில்லை. முதலாளியிடம் அனுமதி கேட்டு, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் துண்டில் தானே கடைந்துகொண்டார். மரை 3/8 அங்குலம். மூன்றும் அச்சாக ஒரே நீளம்.

துண்டில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கட்டில் இப்போது ஆடுவதில்லையாம்.